வீட்டு விலையைச் சொன்னீர்கள், பில்லை யார் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வந்திருந்தான். கையில் தடிமனாக ஒரு ஃபைல். பள்ளிக்கரணைக்குத் தெற்கே ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறானாம். ஐந்து வருஷம் பழசு, 24 வீடு உள்ள கட்டடம், லிஃப்ட் உண்டு, விலை 82 லட்சம். "மாமா, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டா அட்வான்ஸ் குடுத்துடுவேன்" என்றான்.

ஃபைலைப் பிரித்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, திட்ட அனுமதி, வக்கீல் ஒப்பீனியன், பேங்க் மதிப்பீட்டாளர் ரிப்போர்ட், சொத்து வரி ரசீது எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு வாஸ்து ஜோசியர் கையால் வரைந்த படம்கூட இருந்தது. சமையலறை அக்னி மூலையில், சம்ப் ஈசான்யத்தில். சுபம்.

"எல்லாம் சரி. கரண்ட் பில் எவ்வளவு வருதாம்?" என்று கேட்டேன்.

சிரித்தான். "அது நாம யூஸ் பண்றதைப் பொறுத்து வரும் மாமா."

"தண்ணிக்கு?"

"போர் இருக்கு. மெட்ரோ வாட்டர் சீக்கிரம் வந்துடுமாம்."

"மெயின்டனன்ஸ்?"

"சதுர அடிக்கு மூணு ரூபாயோ என்னவோ சொன்னாங்க."

அந்த "என்னவோ" இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 82 லட்சத்தை ஒரு ரூபாய் பிசகாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த வீட்டில் குடியேறிய பிறகு மாதாமாதம் சாகும்வரை கட்டப்போகிற பணத்தைப் பற்றித் தெரிந்தது "என்னவோ" மட்டும். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நானும் அப்படித்தான் வாங்கினேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வாங்குகிறோம். விற்கிறவர்களுக்கும் தரகர்களுக்கும் அது ரொம்ப வசதியாக இருக்கிறது.

நான் வாங்கிய கதையைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு 2016 பிப்ரவரியில் தென்சென்னைப் புறநகரில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். மாதத்தைக் கவனியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். "இங்க தண்ணிப் பிரச்சினையே கிடையாது சார். வேணும்னா நீங்களே பாத்துக்கோங்க" என்று விற்றவர் கிணற்று மூடியைத் திறந்தே காட்டினார். பார்த்துக்கொண்டேன். என்ன தெரியும் அதில்? கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்ப்பது போலத்தான். அன்றைக்கு எல்லாமே அழகு.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்ததே தவிர நிலத்தடி நீரை நிரப்பவில்லை. 2017 ஏப்ரலில் எங்கள் போர் காற்றைக் கக்க ஆரம்பித்தது. முதல் லாரி வந்தது. வாட்ச்மேன் குழாயை சம்புக்குள் விட்டபோது அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "2014லயும் இப்படித்தான் சார் அடிச்சோம்" என்றார். விற்றவர் எனக்குச் சொல்லாததை வாட்ச்மேன் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான்தான் ஒரு வருஷம் தாமதமாகக் கேட்டேன்.

2019 பற்றிச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1,500 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த 12,000 லிட்டர் லாரி எங்கள் தெருவில் 4,000 ரூபாயைத் தாண்டியது. அதுவும் நாம் கூப்பிட்ட நேரத்துக்கு இல்லை, அவர்களுக்குத் தோன்றிய நேரத்துக்கு. இரவு இரண்டு மணிக்கு லாரி ஹாரன் கேட்டால் சந்தோஷப்படுகிற காலம் அது.

இதில் கணக்குப் போட ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவு. வீட்டில் மூன்று பேர் என்றால் 405 லிட்டர். முப்பது நாளைக்கு 12,150. அதாவது மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் ஒரு லாரி. கட்டடத்தில் எத்தனை வீடு இருக்கிறதோ, போர் வறண்டுபோனால் மாதத்துக்கு ஏறக்குறைய அத்தனை லாரி. இதைவிடச் சுலபமான வாய்ப்பாடு உண்டா? ஆனால் எனக்கு ஃப்ளாட் காட்டிய ஆறு தரகர்களில் ஒருவர்கூட "வருஷத்தில் எத்தனை மாதம் லாரி வரும்" என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஈசான்ய மூலையில் சம்ப் இருக்கிறதா என்று பார்க்கிறோம். சம்பில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை.

சரி, கரண்ட்டுக்கு வருவோம். இதில்தான் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் இதில் ஆதாரம் காட்டியே ஏமாற்றலாம். எனக்கு விற்றவர் பில்லைக் காட்டினார். 360 யூனிட். என் கண்ணால் பார்த்தேன். அது டிசம்பர் - ஜனவரி பில். ஏசி ஓடாத மார்கழி, போதாததற்கு வெள்ளத்தில் சில நாட்கள் எங்கள் பகுதியில் கரண்டே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே மிக நல்ல உண்மையாகப் பொறுக்கி எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

அந்த மே மாதக் கடைசியில் என் பில் 1,020 யூனிட் காட்டியது. மீட்டர் பழுது என்று நினைத்து உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. வீடுதான் அப்படி. மேல்மாடி, படுக்கையறைக்கு மேற்குச் சுவர். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதை நம் தலைமேல் கக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸில் மரக் கட்டைமேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். மயிலாப்பூரில் என் தாத்தா வீட்டில் சித்திரையில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில்தான் மத்தியானத் தூக்கம். இன்றைக்கு ஐந்து அங்குலத் தளத்தின்மேல் பேருக்கு ஒரு பூச்சுப் பூசிவிட்டு, "டாப் ஃப்ளோர் சார், நல்ல காற்று வரும்" என்கிறார்கள். வரும், அடுப்படிக் காற்று.

ஒரு பழைய ஒன்றரை டன் ஏசி அந்த மாதிரி அறையில் மணிக்கு ஒன்றேகால் யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் என்றால் 10 யூனிட். இரண்டு மாதத்துக்கு 600. மார்கழி பில்லின் 360-உடன் இந்த 600-ஐக் கூட்டி, இருபத்துநாலு மணி நேரமும் சுற்றும் ஃபேனையும் சேர்த்துப் பாருங்கள். ஆயிரம் வந்துவிட்டது. இந்தக் கூட்டலை வீட்டை வாங்கும் முன்பே நான் போட்டிருக்க முடியும். யாரும் போடச் சொல்லவில்லை.

யூனிட் மட்டும் ஏறினால் பரவாயில்லை. விலையும் கூடவே ஏறுகிறதே! நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்குமேல் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பரில் மாற்றியமைத்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் மறுபடி கொஞ்சம் ஏற்றினார்கள், ஆனால் படிக்கட்டு அதே படிக்கட்டுதான். 500 யூனிட் வரை ஓட்டினால் பில் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஏனென்றால் 500-ஐத் தாண்டியவுடனே 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்குக் கொடுத்த சலுகை விலையான 2 ரூபாய் 25 காசைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயும் 4 ரூபாய் 50 காசு போட்டுவிடுவார்கள். மேலே போகப் போக யூனிட் 8, 9, 10, கடைசியில் 11 ரூபாய். 1,000 யூனிட்டுக்கு 6,550. நுகர்வு இரண்டு மடங்கு, பணம் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

என் வீட்டையே இந்த விலையில் போட்டுப் பார்த்தேன். விற்றவர் காட்டிய 360 யூனிட்டுக்கு 945 ரூபாய். என் வீட்டு 1,020 யூனிட்டுக்கு 6,770. யூனிட் மூன்று மடங்குகூட இல்லை, ரூபாய் ஏழு மடங்கு. ஆகவே, "ஆவரேஜா எவ்வளவு வரும்" என்று கேட்பதும் தப்பு, ஒரு பில்லைப் பார்த்து ஆறால் பெருக்குவதும் தப்பு. வருஷத்துக்கு ஆறு பில். ஆறையும் பார்க்க வேண்டும். இதுதான் என் கட்சி.

இதுவரை சொன்னது நம் வீட்டு மீட்டர். கீழே, படிக்கட்டுக்கு அடியில், இன்னொரு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, கேட் விளக்கு எல்லாம் அதில். வாங்குகிறவர்களில் நூற்றுக்கு ஒருத்தர் அந்த மீட்டரைத் தேடிப் பார்த்திருந்தால் பெரிய விஷயம். 2022 வரை அதற்கும் வீட்டு விகிதம்தான். அந்த செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கென்று தனி விகிதம் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய் நிலைக்கட்டணம் வேறு. கூச்சல் கிளம்பிய பிறகு 2023இல் முதலமைச்சர் குறைப்பு அறிவித்தார். 10 வீட்டுக்கு மேல் இல்லாத, மூன்று மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசு. எங்கள் கட்டடத்தில் 12 வீடு, லிஃப்ட் உண்டு. ஆக, எங்களுக்கு இல்லை.

எங்கள் மோட்டார் 5 குதிரைச் சக்தி. மணிக்கு 3.7 யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் 11 யூனிட். லிஃப்ட்டும் விளக்கும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட்டைத் தொடும். 2022 கட்டணமான 8 ரூபாய் வீதம் 9,600. 10 கிலோவாட் இணைப்பு என்றால் அதே 2022 கணக்கில் நிலைக்கட்டணம் 2,000. மொத்தம் 11,600, வீட்டுக்கு 967 ரூபாய். இதைத்தான் மெயின்டனன்ஸ் என்ற மூட்டைக்குள் போட்டுக் கட்டிக் கொடுக்கிறார்கள். மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொன்னால் முகம் மாறிவிடும்.

மெயின்டனன்ஸைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். புதுக் கட்டடமாக இருந்தால் "ரெண்டு வருஷம் மெயின்டனன்ஸ் ஃப்ரீ" என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். அது வீட்டு விலைக்குள்ளேயே இருக்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிட மோசம், அந்த இரண்டு வருஷமும் உண்மையான செலவு என்ன என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். லிஃப்ட் கம்பெனியின் வாரன்ட்டி முடிகிற நேரம், கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையின் ப்ளோயர் மக்கர் பண்ணுகிற நேரம், சரியாக அப்போதுதான் சங்கத்தின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் எல்லாம் உள்ள பெரிய வளாகத்தில் தொகை மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி கணக்கும் வந்து சேரும். நீச்சல் தெரியாத கிழவனும் குளத்துக்குக் கட்ட வேண்டியதுதான்.

இதையெல்லாம் சொன்னால் மூன்று பதில் வரும். மூன்றையும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

முதல் பதில், என் மருமான் சொன்னது: "அவங்கவங்க யூஸ் பண்றதைப் பொறுத்தது." பாதி உண்மை. நான் எத்தனை மணி நேரம் டிவி பார்க்கிறேன் என்பது என் விஷயம். மேற்குச் சுவர் என் பழக்கமா? போர் வறண்டுபோவது என் பழக்கமா? கீழே ஓடும் மோட்டார் என் ஆசைக்கா ஓடுகிறது? வீட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிற செலவு வேறு, குடியிருப்பவரோடு வருகிற செலவு வேறு. இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி, முழுப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவதற்குத்தான் இந்தப் பதில்.

இரண்டாவது, "பில் எல்லாம் அவங்க சொந்த விஷயம், எப்படிக் கேக்கறது?" இது நல்ல மனுஷர்கள் சொல்வது. சங்கோஜம். ஆனால் பாருங்கள், அவர் அப்பா எந்த வருஷம் செத்தார், எத்தனை வாரிசு, தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதெல்லாம் நம் ஃபைலில் இருக்கிறது. அதைக் கேட்கக் கூசவில்லை. ஈ.பி. கார்டைக் கேட்கக் கூசுகிறதாம்! இத்தனைக்கும் அந்த வெள்ளை அட்டை காலங்காலமாக மீட்டர் பெட்டிப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் படிக்கலாம். ரீடிங் எடுக்க வருகிறவர் தேதி, யூனிட், தொகை மூன்றையும் பேனாவால் எழுதிவிட்டுப் போவார். இப்போது எல்லாம் ஃபோனுக்கு வந்துவிட்டதால் அட்டை மறைந்து, கூடவே நமக்கு இருந்த ஒரே வெளிப்படையான கணக்கும் மறைந்தது. ஆனாலும், விற்கிறவர் மனது வைத்தால் ஆன்லைனில் பழைய பில்லை எடுத்துக் காட்ட ஐந்து நிமிஷம் போதும்.

மூன்றாவது பதில்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது: "80 லட்சம் குடுத்து வாங்கறோம், மாசம் ரெண்டாயிரம் மூவாயிரத்தைப் போய்ப் பாத்துக்கிட்டு." வாங்க, பார்ப்போம். எட்டரை சதவிகித வட்டியில் இருபது வருஷக் கடன் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். இந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கரண்ட், தண்ணீர், மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம் இருந்தால், அது ஐந்தே முக்கால் லட்சம் கடனுக்குச் சமம். விலையில் ஐம்பதாயிரம் குறைக்க மூன்று வாரம் பேரம் பேசுகிறோம், மாமனார், சித்தப்பா எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகிறோம். ஐந்தே முக்கால் லட்சத்தைப் பேச்சே இல்லாமல் விட்டுவிடுகிறோம். கடனாவது இருபது வருஷத்தில் தீரும். லாரியும் ஈ.பி.யும் தீராது, விலையும் ஏறிக்கொண்டே போகும். என்னைப் போல் பென்ஷனில் இருப்பவனுக்கு இது இன்னும் உறைக்கும். 2019 கோடையில் தண்ணீருக்கும் கரண்ட்டுக்குமாக நான் கட்டியதைக் கூட்டிப் பார்த்தபோது, அதற்கு முன் குடியிருந்த மாம்பலம் வாடகை வீட்டின் வாடகையில் பாதி வந்தது. சொந்த வீட்டில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரர்தான் இல்லை. அந்த வருஷம் திருப்பதி போவதாக இருந்ததை நிறுத்தினோம். என் மனைவி மாலையில் ஏசி போடாமல் பால்கனியில் ஈரத்துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "எனக்குக் காத்து புடிக்கும்" என்பாள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம்தான். கார்ப்பெட் ஏரியாவைச் சொல்ல வைத்தது. வீட்டை ஒப்படைக்கும்வரை வரி, தண்ணீர், மின்சாரப் பாக்கிகளைக் கட்டடம் கட்டியவரே கட்ட வேண்டும் என்றது. ஒப்படைத்த பிறகு எவ்வளவு ஆகும் என்று சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. பழைய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்பதில் கேட்கவே வேண்டாம். பாக்கி விஷயத்திலாவது ஜாக்கிரதையாக இருங்கள். மின் இணைப்பு விதிகளில் இடமிருந்தால் பழைய உரிமையாளர் வைத்த மின்பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்கலாம் என்று 2023இல் கேரள மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாக்கி தொடர்ந்து வருமாம், பழைய பில் விவரம் மட்டும் வராதாம்.

20,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால் கதவில் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது. ஏசிக்கும் அப்படியே. ஒட்டாமல் விற்றால் குற்றம். அந்த ஃப்ரிட்ஜையும் ஏசியையும் வைக்கப்போகிற 82 லட்ச ரூபாய் வீட்டின் கதவில் மாவிலைத் தோரணம் மட்டும்தான் தொங்குகிறது. இங்கிலாந்தில் வீட்டை விற்க வேண்டுமானால் எரிசக்திச் சான்றிதழ் வேண்டும். 'ஏ' முதல் 'ஜி' வரை மதிப்பெண் போட்டு விளம்பரத்திலேயே காட்டுகிறார்கள். அவர்களுக்குக் குளிருக்கு ஹீட்டர் செலவு, நமக்கு வெயிலுக்கு ஏசி செலவு. நம் மத்திய அரசும் 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. அந்தப் பெயரை உச்சரிக்கத் தெரிந்த தரகர் யாரையாவது நான் இன்னும் சந்திக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெரிய பெரிய சட்டம் வேண்டாம். பத்திரம் பதியும்போது விற்பவரின் கடைசி ஆறு மின் பில், பொது மீட்டரின் கடைசி ஆறு பில், சங்கத்தின் ஒரு வருஷத்து வரவு செலவு, லாரி நோட்டு. இந்த நான்கையும் ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும் என்று ஒரு விதி போதும். ஒரு பைசா செலவில்லை. பதிவு அலுவலகத்தில் எத்தனையோ நகல் கேட்கிறார்கள், இதையும் கேட்டால் ஜெராக்ஸ் கடைக்காரருக்குத்தான் லாபம். விதி வரும்வரை, கேட்டதைக் காட்டாத வீட்டை வாங்காதீர்கள். பேங்க்காரர்களும் இதைக் கேட்கலாம். தவணை கட்ட முடியுமா என்று சம்பளச் சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள், அதே சம்பளத்திலிருந்துதான் லாரிக்கும் போகும் என்பதை ஏன் பார்ப்பதில்லை?

விற்கிறவர் கையை விரித்தால் வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் இப்போதைய வீட்டின் ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பழக்கத்தின் அளவு. புது வீடு மேல்மாடியா, மேற்கு பார்த்ததா, எத்தனை ஏசி கூடப்போகிறது என்று பார்த்து கோடைப் பில்லில் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டை மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள், தரகர் காலை ஒன்பது மணிக்குத்தான் கூப்பிடுவார். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குளியலறைக் குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் கீஸர், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் ஆயுசு குறைவு, குடிக்கக் கேன் தண்ணீர்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாட்ச்மேனிடமும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் லாரியைப் பற்றிக் கேளுங்கள். கோடையில் கேளுங்கள், மழை பெய்த வாரத்தில் கேட்காதீர்கள்.

மருமானிடம் இவ்வளவையும் சொன்னேன். பாதி கேட்டான், பாதி ஃபோனைப் பார்த்தான். அடுத்த நாள் ஆபீஸ் விட்டு அந்தக் கட்டடத்துக்கே போய்ச் சங்கச் செயலாளரைப் பிடித்திருக்கிறான். அவர் நல்ல மனுஷர் போல, மறைக்கவில்லை. நேற்று ராத்திரி ஃபோன் வந்தது.

"மாமா, லாரி நோட்டு பார்த்தேன். போன மே மாசம் 41 லாரி."

"எத்தனை வீடு?"

"24."

"எத்தனை லிட்டர் லாரி?"

"12,000தான்."

கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு 20,500 லிட்டர். நாளைக்கு 661. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"மாமா, அப்போ போர்ல ஒண்ணுமே வரலையா?"

"மே மாசத்துல வரலைடா. பொது மீட்டர் பில் என்ன?"

"அதைக் கேக்கலை. கேக்கறேன். விக்கறவர் ஈ.பி. பில் ஆறும் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார், இதுவரைக்கும் ரெண்டுதான் வந்திருக்கு."

"எந்த மாசம்?"

"டிசம்பரும் பிப்ரவரியும்."

வர ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகிறானாம். குடை எடுத்துக்கொள்ள வேண்டும்.